வாளிக்கு ஒரு கணக்கு, குவியலுக்கு ஒரு கணக்கு



எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒருநாள் மாலை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்க இருந்தது. வீட்டுக் காய்கறிக் கழிவிலிருந்து மக்கிய உரம் தயாரிப்பதை அவள் தன் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளையடித்து முடித்தபின் மிஞ்சிய 15 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றில் துளைகள் இட்டு, காய்கறித் தோலும் வேப்பஞ்சருகும் அடுக்கி, பள்ளியிலிருந்து வாங்கி வந்த வெப்பமானியை நாள்தோறும் அதில் செருகி அளவு குறித்திருந்தாள்.

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். முதல் நாள் 30 டிகிரி. மூன்றாம் நாள் 45. ஐந்தாம் நாள் 58. ஏழாம் நாள் 62. பிறகு படிப்படியாக இறக்கம். வரைபடமும் வரைந்திருந்தாள், கோடு ஒரு சிறு குன்றைப்போல அழகாக ஏறி இறங்கியது. அந்த அழகுதான் என்னைச் சந்தேகிக்க வைத்தது. ஆய்வுக்கூடத்தில் இருபது ஆண்டுகளாக மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்துகிறவன் நான். உண்மையான அளவீடுகள் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். மைக்கு அடியில், அழித்த பென்சில் எழுத்துகளின் தடம் தெரிந்தது: 31, 33, 34, 33.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "புத்தகத்துல 60 டிகிரிக்கு மேல போகும்னு போட்டிருக்கு மாமா. என் வாளி 34-க்கு மேல போகவே இல்ல. நான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன். மிஸ்ஸும் சூடு வரலேன்னா மக்கலேன்னு அர்த்தம்னு சொல்லிட்டாங்க. அதான்..." என்றாள்.

நண்பர்களே, இந்தக் கட்டுரையை அவளுக்காகவும், அவளைப்போல் வாளியோ தொட்டியோ வைத்துக்கொண்டு மனம் தளர்ந்து நிற்கும் உங்களுக்காகவும் எழுதுகிறேன். அந்தப் பெண் ஒரு தவறும் செய்யவில்லை. பென்சிலை அழித்ததைத் தவிர. அவளுடைய வெப்பமானி சொன்னதுதான் சரி. புத்தகமும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் அவளுடைய வாளிக்காக எழுதப்பட்டதன்று.

சூடு எங்கிருந்து வருகிறது?

குப்பை மக்கும்போது ஏன் சூடு பிறக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். காய்கறித் தோலிலும் சருகிலும் உள்ள சர்க்கரை, மாவு, நார்ப்பொருள் ஆகியவற்றைப் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் உண்கின்றன. ஆக்ஸிஜனைச் சுவாசித்து, கார்பன்-டை-ஆக்ஸைடையும் நீரையும் வெளியிடுகின்றன. நீங்களும் நானும் சோறு தின்று உடலைச் சூடாக வைத்திருப்பதும் இதே முறையில்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சருகைத் தீயிட்டுக் கொளுத்தினால் நடப்பதும் ஏறக்குறைய இதே வேதிமாற்றமே. கார்பன் ஆக்ஸிஜனுடன் சேர்கிறது, வெப்பம் வெளிவருகிறது. தீ அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது; நுண்ணுயிர்கள் அதற்கு இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்கின்றன. தீயில் நைட்ரஜன் பெரும்பாலும் காற்றோடு போய்விடுகிறது, கண்ணை எரிக்கும் புகை தெருவெல்லாம் பரவுகிறது, கையில் ஒரு பிடிச் சாம்பல் மிஞ்சுகிறது. மக்கவிட்டாலோ ஒரு கூடை எரு மிஞ்சுகிறது. விடியற்காலையில் வாசலில் சருகு கொளுத்தும் வழக்கத்தை நான் வெறுப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

எவ்வளவு வெப்பம் வெளிவரும்? 100 கிராம் சர்க்கரை முழுவதும் இவ்வாறு செரிக்கப்பட்டால் ஏறக்குறைய 15 லட்சம் ஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4,200 ஜூல் வேண்டும். அப்படியானால் 10 கிலோ நீரை 35 டிகிரி உயர்த்த அந்த 100 கிராமே போதும். நம் மாணவியின் வாளியில் இருந்தது ஏறக்குறைய 10 கிலோ ஈரக் குப்பை. வெப்பம் முழுவதும் உள்ளேயே தங்கியிருந்தால் 30 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு அது தாராளமாக ஏறியிருக்கும். ஆனால் ஏறவில்லை. வெப்பம் பிறக்கவில்லை என்று இதற்குப் பொருளா? இல்லை. பிறந்த வெப்பம் வாளியில் தங்கவில்லை என்றுதான் பொருள்.

கல்யாண வீட்டுச் சாம்பாரும் டம்ளர் காப்பியும்

கல்யாண வீட்டில் காலை பத்து மணிக்கு அண்டாவில் இறக்கி வைத்த சாம்பார், பந்தி முடியும்வரை சூடாகவே இருக்கிறது. அதே சாம்பாரை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தால் கால் மணியில் ஆறிவிடுகிறது. டம்ளரில் ஊற்றிய காப்பியைக் கேட்கவே வேண்டாம். பொருள் ஒன்றுதான், அளவுதான் வேறு.

காரணம் எளிது. வெப்பம் பொருளின் உள்ளே, அதன் கன அளவு முழுவதிலும் இருக்கிறது. ஆனால் அது வெளியேறுவது மேற்பரப்பின் வழியாக மட்டுமே. ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரக் குவியலை எண்ணிப் பாருங்கள். அதன் கன அளவு 1 கன மீட்டர். ஆறு முகங்களின் பரப்பு 6 சதுர மீட்டர். இனி 25 செ.மீ. பக்கமுள்ள சிறு கனசதுரத்தை எடுங்கள். நம் மாணவியின் வாளி ஏறக்குறைய இந்த அளவுதான். கன அளவு 0.0156 கன மீட்டர், பரப்பு 0.375 சதுர மீட்டர். பரப்பைக் கன அளவால் வகுத்தால் பெரிய குவியலுக்கு 6 வருகிறது, வாளிக்கு 24 வருகிறது. ஒவ்வொரு கைப்பிடிக் குப்பைக்கும் வாளியில் நாலு மடங்கு வாசல் திறந்திருக்கிறது என்று சொல்லலாம்.

ஆகவே ஒரு மீட்டர் குவியல் வெளிக்காற்றைவிட 35 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், வாளி அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 9 டிகிரி அளவே ஏறும். உண்மையில் அதுவும் ஏறாது. பெரிய குவியலில் வெளிப்புறச் சருகே உள்ளே உள்ளதற்குக் கம்பளி போர்த்தியதுபோல் அமைகிறது. நடுவில் பிறந்த வெப்பம் அந்தத் தடிப்பைக் கடந்துதான் வெளியே வரவேண்டும். இந்த விளைவை மட்டும் கணக்கிட்டால் வெப்ப ஏற்றம் பக்க அளவின் இருமடிக்கு ஏற்ப மாறும். நாலில் ஒரு பங்கு என்பது பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதாவது 2 டிகிரிக்குச் சற்று மேல். இரண்டு கணக்குகளுக்கும் இடையில் எங்கோ விடை இருக்கவேண்டும்: 2 டிகிரிக்கும் 9 டிகிரிக்கும் நடுவே.

அந்தப் பெண் அளந்தது எவ்வளவு? 30-லிருந்து 34. அதாவது 4 டிகிரி!

இந்தக் கணக்கை நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியபோது அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். தான் அழித்த எண்கள்தான் இயற்பியலின் விடை என்பதை அவள் அப்போது கண்டுகொண்டாள்.

அப்படியானால் பெரிதுதான் சிறந்ததா?

"சரி, எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெப்பம் வெளியே போவதற்கு ஒரு கணக்கு இருப்பதுபோல், காற்று உள்ளே வருவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

குவியலின் நடுவில் உள்ள நுண்ணுயிர்களுக்கு ஆக்ஸிஜன் எப்படிப் போய்ச் சேருகிறது? சருகுகளுக்கு இடையே உள்ள சந்துகளில் காற்று மெல்ல மெல்ல விரவிச் செல்லவேண்டும். விரவலுக்கு ஒரு விதி உண்டு: தூரம் இரு மடங்கானால் காலம் நாலு மடங்காகும்; தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். போதாக்குறைக்கு, குவியல் உயர உயர அடிப்பகுதி மேல் எடையால் நசுங்கிச் சந்துகள் அடைபட்டுவிடும். அப்போது நடுவில் ஆக்ஸிஜன் தீர்ந்து, அது இல்லாமலே வாழும் வேறு பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. இவை துர்நாற்றத்தையும் மீத்தேன் வாயுவையும் உண்டாக்குகின்றன.

ஆக, வெப்பக் கணக்கு "இதைவிடச் சிறிதானால் சூடேறாது" என்று கீழ் எல்லை வகுக்கிறது. காற்றுக் கணக்கு "இதைவிட உயர்ந்தால் மூச்சு முட்டும்" என்று மேல் எல்லை வகுக்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரையுள்ள உயரம்தான் சூடான குவியலுக்கு ஏற்றது.

இதை அனுபவத்தால் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த தாவரத்தொழில் ஆய்வு நிலையத்தை நடத்திய அவர், நம் நாட்டு உழவர்களின் வழக்கங்களையும் கிழக்காசிய உழவர்களின் வழக்கங்களையும் கவனித்து, 'இந்தூர் முறை' என்று பெயர்பெற்ற உரமுறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து அதை 1931-இல் நூலாகவும் வெளியிட்டார். அவருடைய குழிகள் 30 அடி நீளம், 14 அடி அகலம் கொண்டவை. ஆழமோ 2 முதல் 3 அடிதான். மக்கும் பொருளுக்குள் காற்று ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி வரைதான் புகும் என்று அவர் கண்டிருந்தார். ஆகவே கடப்பாரையால் குத்திக் காற்றுத் துளைகள் இடச் சொன்னார். நீளத்தைத் தாராளமாகக் கூட்டியவர், ஆழத்தில் மட்டும் சிக்கனம் காட்டியதன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும்.

நாம் பாடநூல்களிலும் கையேடுகளிலும் படிக்கும் '60 டிகிரி' என்பது இத்தகைய பண்ணைக் குவியல்களின் எண். மாட்டுத் தொழுவமும் வைக்கோற்போரும் உள்ள இடத்தில் பிறந்த எண் அது. பெயிண்ட் வாளிக்கு அதை ஏற்றிச் சொல்வது, யானையின் உணவை வைத்து அணிலுக்குச் சமையல் செய்வதைப் போன்றது.

மேல் எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் கண்முன்னே சான்று உண்டு. நகரத்தின் குப்பைக் கிடங்குதான் அது. பல்லாயிரம் வீடுகளின் வாழைப்பழத் தோலும் பழைய சோறும் பிளாஸ்டிக் பையோடு சேர்ந்து மலையாகக் குவிகின்றன. உள்ளே காற்றுப் புக வழியில்லை, மீத்தேன் பிறக்கிறது. ஒரே எடை கார்பன்-டை-ஆக்ஸைடோடு ஒப்பிட்டால், நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் பூமியைச் சுமார் 27 மடங்கு அதிகமாகச் சூடாக்கக்கூடியது. எளிதில் தீப்பிடிக்கக்கூடியதும்கூட. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் மூண்ட தீ நாட்கணக்கில் புகைந்ததை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். அந்த மலையில் எரிந்ததில் ஒரு பங்கு, வீட்டிலேயே ஒரு தொட்டியில் சாதுவாக மக்கியிருக்க வேண்டிய பொருள்.

ஆகவேதான் சொல்கிறேன்: வீட்டுத் தொட்டி, பண்ணைக் குவியலின் தோற்றுப்போன குட்டி அன்று. அது வேறொரு கருவி. அதற்கென்று தனி வேலையும் தனி முறையும் உண்டு. உங்கள் தோட்டத்தின் அளவு எதுவோ, அதற்கேற்ற முறையைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

தொட்டித் தோட்டம் உள்ளவர்களுக்கு

மொட்டைமாடியிலோ சன்னல் ஓரத்திலோ பத்து இருபது தொட்டிகள் மட்டுமே உங்களிடம் இருக்கின்றனவா? கவலை வேண்டாம். எங்கள் வீட்டில் நாலு பேர். ஒரு வாரம் தராசு வைத்து நிறுத்துப் பார்த்ததில் நாளொன்றுக்குச் சராசரி 800 கிராம் காய்கறிக் கழிவு சேர்ந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 290 கிலோ. அதில் ஐந்தில் நாலு பங்கு நீர். எஞ்சிய திடப்பொருளிலும் பாதி வாயுவாகிப் போய்விடும். சருகையும் சேர்த்து ஆண்டு முடிவில் சுமார் 100 லிட்டர் எரு கிடைக்கிறது. 10 லிட்டர் தொட்டி ஒன்றுக்குக் கால் பங்கு எரு கலந்தால், நாற்பது தொட்டிகளுக்கு இது போதும். பார்த்தீர்களா, நம் சமையலறையின் அளவும் நம் மாடியின் அளவும் எவ்வளவு பொருத்தமாக அமைகின்றன!

இதற்கு 25 லிட்டர் கொள்ளும் மண்தொட்டி அல்லது பழைய வாளி நாலு வேண்டும். அடியிலும் பக்கத்திலும் விரல் நுழையாத அளவு துளைகள் இடுங்கள். அடியில் தேங்காய் நாரும் சருகும் பரப்புங்கள். அன்றாடக் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதைப்போல் இரு மடங்கு அளவு நொறுக்கிய சருகால் மூடுங்கள். சருகு மூன்று வேலைகளைச் செய்கிறது: கழிவில் மிகுதியாக உள்ள நைட்ரஜனுக்கு ஈடாகக் கார்பன் தருகிறது, மிகையான ஈரத்தை உறிஞ்சுகிறது, காற்றுக்குச் சந்து விடுகிறது. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் நுண்ணுயிர்களுக்கு வசதி. ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசியவேண்டும். தாரையாக ஒழுகினால் சருகு போதவில்லை என்று அறிக.

ஒரு தொட்டி நிரம்ப எங்கள் வீட்டில் ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. பிறகு அதை மூடி வைத்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போகலாம். நாலாவது நிரம்பும்போது முதல் தொட்டி ஒன்பது வாரம் ஓய்வெடுத்திருக்கும்; கருத்து உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் மணத்துடன் இருக்கும். அந்த மணம் வரவில்லையானால் இன்னும் சில வாரம் பொறுங்கள்.

தொட்டியில் கொழுத்த புழுக்கள் நெளிவதைக் கண்டு சிலர் அலறி அதைக் கவிழ்த்துவிடுகிறார்கள். குளவியைப்போல் தோன்றும் கருநிற ஈ ஒன்றின் புழுக்களாக அவை பெரும்பாலும் இருக்கும். அவை கழிவை வேகமாகத் தின்று தீர்க்கின்றன. சூடு செய்யும் வேலையின் ஒரு பகுதியைச் சிறு தொட்டியில் புழுக்களும் பூஞ்சைகளும் ஏற்றுக்கொள்கின்றன. அவற்றை விட்டுவிடுங்கள்.

ஆனால் சிறு தொட்டியின் குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது சூடு நின்றால்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் சாகும். தொட்டி அவ்வளவு சூடேறாது. ஆகவே மீன், இறைச்சிக் கழிவையும், விதை முற்றிய களைகளையும், நோய் கண்ட செடிகளையும், நாய் பூனைக் கழிவையும் அதில் போடாதீர்கள். தக்காளி விதை மட்டும் தப்பி முளைத்தால் வருந்த வேண்டாம். பிடுங்கி வேறு தொட்டியில் நட்டுவிடலாம்.

ஒரு சென்ட் கொல்லை உள்ளவர்களுக்கு

ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு செ.மீ. கனத்துக்கு எரு பரப்ப 0.4 கன மீட்டர், அதாவது 400 லிட்டர் வேண்டும். சமையலறை தரும் 100 லிட்டர் இதற்குக் காணாது. இங்கேதான் உண்மையான குவியல் தேவைப்படுகிறது; அதற்கான சருகும் இங்கேதான் கிடைக்கிறது. ஒரு கன மீட்டர் குவியல் மக்கி வற்றினால் பாதிக்கும் குறைவாகி, ஏறக்குறைய 400 லிட்டரில் வந்து நிற்கும். சென்ட்டுக்கு ஆண்டுக்கு ஒரு குவியல் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூடேற வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு: குவியலை ஒரே நாளில் கட்டவேண்டும். நாளுக்கு ஒரு கூடை என்று போட்டு வந்தால், நேற்றுப் போட்டது வெளியிட்ட வெப்பம் இன்று இருக்காது. குவியல் உயர்ந்தாலும் சூடு சேராது. ஆகவே வேம்பு, புங்கன் சருகுகளைச் சாக்குகளில் சேர்த்து வையுங்கள். போதிய அளவு சேர்ந்ததும் நாலு குச்சி நட்டுக் கம்பிவலை சுற்றி, ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்குச் சருகு, பச்சைத் தழை, காய்கறிக் கழிவு, சாணிக் கரைசல் என்று அடுக்கடுக்காக இட்டு நனையுங்கள். நாலைந்து நாளில் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுடும். இங்கே 60 டிகிரி என்பது உண்மை! சூடு தணிந்ததும் வெளிப்புறத்தை உள்ளேயும் உட்புறத்தை வெளியேயும் வைத்துப் புரட்டுங்கள். புரட்டும்போது காற்றுப் புகுந்து மறுபடியும் சூடேறும். இரண்டு மூன்று புரட்டலுக்குப் பின், சுமார் மூன்று மாதத்தில் எரு தயார்.

பத்து சென்ட்டும் பள்ளித் தோட்டமும்

உங்கள் பள்ளிக்குப் பத்து சென்ட் தோட்டம் இருந்தால் 4 கன மீட்டர் எரு வேண்டும். அதற்காக நாலு மீட்டர் உயரக் குவியல் கட்டிவிடாதீர்கள். காற்றுக் கணக்கை மறவாதீர்கள். உயரத்தை அப்படியே வைத்து நீளத்தை மட்டும் கூட்டுங்கள். ஒரு மீட்டர் உயரமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள பாத்தி எத்தனை மீட்டர் நீண்டாலும், நடுப்பகுதிக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை.

மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த நாராயண் தேவராவ் பாண்டரிபாண்டே என்ற விவசாயி அமைத்த 'நாடெப்' தொட்டியும் இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம் கொண்ட செங்கல் தொட்டி அது. சுவரில் செங்கல்களுக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். சருகு, சாணிக் கரைசல், மண் என்று அடுக்கி மேலே மண் பூசிவிட்டால், புரட்டாமலே 90 முதல் 120 நாளில் எரு கிடைக்கிறது. புரட்டும் ஆளின் வேலையைச் சுவரின் துளைகள் செய்துவிடுகின்றன.

ஒரு வேண்டுகோள்

நானே ஒருகாலத்தில் இந்தத் தவற்றைச் செய்தவன். மாடியில் ஒரு தொட்டி வைத்து, வெப்பமானி ஏறவில்லை என்று கண்டு, "இது மக்காது" எனத் தீர்ப்புக் கூறி, பாதி மக்கிய நல்ல பொருளைத் தெருக் குப்பைத்தொட்டியில் கொட்டியிருக்கிறேன். வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு என்று வகுப்பில் ஆண்டுதோறும் கற்பிக்கும் நான், என் சொந்த மாடியில் அதை மறந்தேன். எங்கள் ஆச்சி இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அவள் வீட்டு எருக்குழியில் யாரும் வெப்பமானி வைத்ததில்லை. முகர்ந்து பார்த்தே பதம் சொல்லிவிடுவாள்.

திடக்கழிவை மக்கும் குப்பை, மக்காத குப்பை என வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் விதிகள் சொல்லின. பிரிப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? மக்கும் பங்கு, வாசலைத் தாண்டாமலே வீட்டில் மக்கிவிட்டால் எவ்வளவு வண்டி, எவ்வளவு டீசல், எவ்வளவு நாற்றம் மிச்சம்! இதற்கு நிலம் வேண்டும், குவியல் வேண்டும், 60 டிகிரி வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே, மாடி வீட்டுப் பிள்ளைகளை நாம் விலக்கி வைத்துவிட்டோம் என்பதே என் குறை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 34 டிகிரி என்று எழுதி வரும் மாணவருக்கு, 62 என்று எழுதி வருபவரைவிட ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுங்கள். "ஏன் ஏறவில்லை?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. புத்தகத்தோடு ஒத்துப்போகாத எண்ணை அழிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளை குடிநீரைச் சோதிக்கும் வேலையிலோ மருந்தைச் சோதிக்கும் வேலையிலோ அமர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு சோதனை தருகிறேன். ஒரே கலவையை ஒரே நாளில் தயாரித்து, 5 லிட்டர் டப்பா ஒன்றிலும், 25 லிட்டர் வாளி ஒன்றிலும், நண்பர்கள் கூடி ஒரு கன மீட்டர் வலைக்கூண்டு ஒன்றிலும் நிரப்புங்கள். மூன்றையும் ஒரே நிழலில் வையுங்கள். இரண்டு வாரம், நாள்தோறும் ஒரே நேரத்தில், நடுப்பகுதியின் வெப்பநிலையையும் வெளிக்காற்றின் வெப்பநிலையையும் குறித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பக்க அளவுக்கு எதிராக வரையுங்கள். கோடு கோணலாக வந்தால் கோணலாகவே விடுங்கள்.

நம் மாணவி அன்றிரவே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, பென்சில் எண்களை மையால் மறுபடி எழுதினாள். கண்காட்சியில் அவள் வாளியோடு, பரப்பு-கன அளவு அட்டவணை ஒன்றும் இடம்பெற்றது. பரிசு எதுவும் வரவில்லை. வாளி எருவில் போட்ட வெண்டை மட்டும் நன்றாகக் காய்த்தது. அதில் ஒரு கைப்பிடி எங்கள் வீட்டுக்கும் வந்தது.